மூச்சு ரைட்டர் எழுதாத மனு

தன் தொழிலுக்குத் தானே இவ்வளவு சிரத்தையாகக் குழி தோண்டிய மனிதர் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் மூச்சு ரைட்டரைத் தவிர வேறு யாரும் கிடையாது. இனிமேல் பிறந்து வந்தால்தான் உண்டு. இதை நான் அடித்துச் சொல்வேன். ஏனென்றால் அவர் தோண்டிய குழியில் முதலில் விழுந்தவன் நான்.

அவர் மனு எழுதிக் கொடுப்பவர். அரசு அலுவலகத்துக்கு எதிரே வேப்பமரத்தடியில் ஒரு மடக்கு மேஜை, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு கட்டு வெள்ளைத்தாள். அதுதான் அவருடைய ராஜ்ஜியம். அவர் முதுகுக்குப் பின்னால் என் ஜெராக்ஸ் கடை. திங்கட்கிழமை மனு வாங்கும் நாள். அன்றைக்குக் காலை எட்டு மணிக்கெல்லாம் ரிஷிவந்தியம், சின்னசேலம், உளுந்தூர்பேட்டை, கல்வராயன் மலை என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் ஜனங்கள் தங்கள் கோபத்தை மஞ்சள் பையில் போட்டு எடுத்துக்கொண்டு பஸ்ஸை விட்டு இறங்குவார்கள். அவர்கள் சொல்வார்கள், அவர் எழுதுவார், நான் நகல் எடுப்பேன். ஊரில் சண்டை இருக்கும்வரை எங்கள் இரண்டு வீட்டிலும் அடுப்பு எரியும் என்று நிம்மதியாக இருந்தேன்.

அந்தக் காலத்தில் அவருக்கு வெடிமருந்து ரைட்டர் என்று பெயர். சொந்தப் பெயர் ஆதார் அட்டையில் இருந்தது, வேறு எங்கும் இல்லை. பக்கத்து வீட்டுக் கோழி வந்து கீரைப் பாத்தியைக் கிளறிவிட்டது என்று யாராவது சொன்னால் போதும். 'மேற்படி எதிரியானவர் தம் வசமுள்ள கோழிகளை ஏவிவிட்டு, ஏழை மனுதாரரின் வாழ்வாதாரத்தை வேரோடு சூறையாடிய கொடுஞ்செயல் யாதெனில்' என்று ஆரம்பித்துவிடுவார். எழுதி முடித்ததும் சத்தமாகப் படித்தும் காட்டுவார். கேட்டுக்கொண்டிருந்த கீரைக்காரர் கண்ணில் தண்ணீரோடு, "இவ்ளோ நடந்துச்சாங்க?" என்று கேட்பார். கீரைக்காகப் பஸ் ஏறி வந்தவர், திரும்பிப் போகும்போது ஏழு தலைமுறைப் பகையோடு போவார். அடுத்த திங்கட்கிழமை கோழிக்காரர் வருவார். அதல்லவா தொழில்!

ஒருநாள் 'கல்நெஞ்சன்' என்ற சொல்லை எழுதிக்கொண்டிருக்கும்போதே மனுஷன் நாற்காலியிலிருந்து சரிந்துவிட்டார். டாக்டர் ரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு உப்பைக் குறைக்க வேண்டும், கோபத்தையும் குறைக்க வேண்டும் என்றார். உப்பை வீட்டுக்கார அம்மா குறைத்துவிட்டார். கோபத்தைக் குறைப்பது எப்படி என்று இவர் போனில் தேடினார். அங்கேதான் எனக்குப் பிடித்தது சனி.

போனில் முதலில் அகப்பட்டவர் வியட்நாம் நாட்டுப் பௌத்தத் துறவி ஒருவர். பின்னாலேயே திபெத்துக்காரர் ஒருவர், தாய்லாந்துக் காட்டில் இருந்த ஒருவர், மொட்டை போட்ட வெள்ளைக்காரப் பெண் துறவி ஒருவர் என்று வரிசையாக வந்தார்கள். எல்லோரும் நம் காலத்து ஆட்கள். விமானத்தில் போகிறவர்கள், மைக் பிடித்துப் பேசுகிறவர்கள். யாரோ ஒரு புண்ணியவான் அவர்கள் சொல்வதையெல்லாம் தமிழில் பேசிப் போட்டிருந்தார். மூச்சைக் கவனி, எதிராளி பேசுவதைக் குறுக்கே புகாமல் கேள், உன்னைக் கஷ்டப்படுத்துகிறவனுக்கும் உள்ளே ஒரு வலி இருக்கும். சுருக்கமாக இவ்வளவுதான். ஒரே மாதத்தில் அத்தனை பேரும் இவருக்கு உறவுக்காரர்கள் ஆகிவிட்டார்கள்.

"நம்ம வியட்நாம்காரரு இன்னா சொல்றாருன்னா..." என்று ஆரம்பிப்பார், ஏதோ சின்னசேலத்தில் இருக்கும் சித்தப்பாவைப் பற்றிச் சொல்வது போல.

"ஏன் ரைட்டரே, இத்த சொல்றதுக்கு நம்மூருல ஆளே இல்லியா? வியட்நாமுக்குப் போவணுமா?" என்று ஒருநாள் மடக்கினேன்.

"தலைவாசல் பக்கத்துல தியாகனூர்ல புத்தரு செலையா அத்தினி காலமா ஒக்காந்துகினு இருக்காரே, சேலம் போவசொல்ல ஒரு நாளாவது எறங்கிப் பாத்தியா நீ? நாம மறந்துட்டோம், அவங்க மறக்கல. அவ்ளோதான் வித்தியாசம்."

நான் இரண்டு டீ சொன்னேன்.

அடுத்த வாரம் அவர் மேஜையில் ஒரு சைக்கிள் மணி முளைத்தது. வியட்நாம்காரர் மடத்தில் மணி அடித்தால் எல்லோரும் செய்கிற வேலையை அப்படியே நிறுத்தி மூன்று முறை மூச்சு விடுவார்களாம். இங்கேயும் அதே சட்டம். மனு கொடுக்க வந்தவர் குரல் கொஞ்சம் ஏறினால் போதும், ட்ரிங். "மூணு மூச்சு வுடுங்க. அப்பறம் திட்டுங்க." வெடிமருந்து ரைட்டர் மூச்சு ரைட்டர் ஆனது இப்படித்தான்.

அவருடைய மணியோடு நின்றிருந்தால் பரவாயில்லை. எந்த மணி அடித்தாலும் நிறுத்த வேண்டும் என்று வைத்துக்கொண்டார். கத்திரி வெயிலில் குல்பி ஐஸ்காரர் வண்டியைக் கொண்டுவந்து எங்கள் மர நிழலில் நிறுத்திவிட்டு, கை ஓயாமல் மணி ஆட்டுகிறவர். ரைட்டர் பேனாவைத் தூக்குவார், மணி அடிக்கும், பேனாவைக் கீழே வைப்பார், மூன்று மூச்சு. மறுபடி தூக்குவார், மறுபடி மணி. ஒரு முற்பகல் முழுக்க உட்கார்ந்து அவர் எழுதி முடித்தது 'அனுப்புநர்' என்ற ஒரே ஒரு சொல். எதிரே உட்கார்ந்திருந்த மனுதாரர் அதற்குள் மூன்று குல்பி தின்று, யார் மேல் மனு என்பதையே மறந்து, சித்தப்பா வீட்டுக்குப் போகும் பஸ் எத்தனை மணிக்கு என்று என்னிடம் கேட்டார். அந்தச் சித்தப்பா மேல்தான் மனு!

அப்புறம் நடை. எங்களிடமிருந்து நாற்பது எட்டு வைத்தால் டீக்கடை வந்துவிடும். அதை ஒவ்வோர் அடியாக, பாதம் தரையில் படுவதைக் கவனித்துக்கொண்டே நடப்பார். கரும்பு லாரி பின்னால் நின்று ஆரன் அடிக்கும். ஆரன் கேட்டதும் இவர் நடுரோட்டில் நின்று மூன்று மூச்சு விடுவார். லாரிக்காரர் தலையை நீட்டி, "யோவ் பெருசு, கால்ல ஆணியா?" என்பார். இவர் அவரைப் பார்த்துக் கைகூப்பி, "நீங்க நல்லா இருக்கணும்" என்பார். திட்டினால் திருப்பித் திட்டலாம். வாழ்த்துகிறவரை என்ன செய்வது? லாரிக்காரர்கள் அந்த ரோட்டையே மாற்றிக்கொண்டார்கள்.

இதெல்லாம் கூடத் தாங்கலாம். தொழிலில் கை வைத்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எதிராளி மனு என்று ஒன்றைக் கண்டுபிடித்தார். நீங்கள் யார் மேல் மனு கொடுக்க வருகிறீர்களோ, அவர் உங்கள் மேல் ஒரு மனு கொடுத்தால் என்ன எழுதுவார்? அதை முதலில் நீங்கள் சொல்ல வேண்டும், இவர் எழுதுவார். அதற்குப் பிறகுதான் உங்கள் மனு. முக்கால்வாசிப் பேர் முதல் மனுவைக் கேட்டதுமே முகம் வெளுத்துப்போய் எழுந்துவிடுவார்கள். மிச்சப் பேர் கோபித்துக்கொண்டு பக்கத்து மேஜைக்குப் போவார்கள். பக்கத்து மேஜை ரைட்டர்கள் இவரைத் தெய்வமாகவே கும்பிட்டார்கள். எந்தத் தெய்வம் வாடிக்கையாளரை இப்படி வீடு தேடி அனுப்பும்?

ரிஷிவந்தியம் பக்கத்திலிருந்து வந்த ஒரு கொத்தனார், பக்கத்து வீட்டு நாய் பகலெல்லாம் குரைக்கிறது என்று மனு எழுத வந்தார். நாய்க்குச் சொந்தக்காரர் மேல் அவருக்கு ஒரு வருத்தமும் இல்லையாம், நாய் மேல்தான் வருத்தம். ரைட்டர் கொஞ்சமும் யோசிக்கவில்லை. நாய் சார்பில் எழுத ஆரம்பித்துவிட்டார்.

'ஐயா, நான் மேற்கண்ட முகவரியில் வசித்துவரும் நாய் ஆவேன். என்னைக் காலையில் கட்டிப்போட்டால் சாயங்காலம்தான் அவிழ்க்கிறார்கள். தண்ணீர்ச் சட்டி எட்டாத தூரத்தில் உள்ளது. நான் குரைத்துத்தான் கேட்க முடியும். மேற்படி கொத்தனார் அதற்குக் கல்லால் பதில் சொல்கிறார்.'

கொத்தனார் துள்ளி எழுந்தார். "கல்லு வுட்டது ஒங்களுக்கு எப்பிடிங்க தெரியும்?"

"எனக்குத் தெரியாதுங்க. நாய் சொல்லுச்சு."

கொத்தனார் தன் மனு வேண்டாம் என்று கையை ஆட்டினார். பிறகு நாயின் மனுவை மட்டும் ஒரு நகல் எடுத்துத் தரச் சொல்லி என்னிடம் வாங்கிக்கொண்டு போனார். அந்த மாதம் ரைட்டரால் எனக்குக் கிடைத்த வேலை அந்த ஒன்றுதான், அதுவும் நாய் தயவில்.

இப்படியே மூன்று வருடம் ஓடியது. மூன்று வருடமாகத் தனக்குக் கோபமே வரவில்லை என்பதில் அவருக்குக் கர்வம் வேறு. கோபப்படாதவர் கர்வப்படலாமா என்று கேட்டால் புன்னகை செய்வார். அந்தப் புன்னகையைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

அப்போதுதான் ஒரு திங்கட்கிழமை குப்பாயி வந்தாள். கல்வராயன் மலைக்காரி, நாற்பது வயதிருக்கும். கணவர் கோயம்புத்தூரில் கட்டட வேலை. மலையில் இரண்டு பிள்ளைகளோடு அவள்தான் வெள்ளாமை பார்க்கிறாள். அப்பா அவளுக்கென்று எழுதி வைத்த துண்டு நிலம் அண்ணன் நிலத்துக்குப் பின்னால் இருந்தது. அங்கே போக ஒரே வழி, அதுவும் அண்ணன் நிலத்துக்குள்தான்.

"வழிய அடைச்சிட்டாருங்க எங்க அண்ணன். முள்ள வெட்டிப் போட்டு வேலி கட்டிட்டாரு. உள்ள என் சாமை வெளஞ்சி சாஞ்சி கெடக்குது. மழ புடிச்சுதுன்னா அத்தினியும் கொட்டிப் பூடும். வருசம் பூரா எனக்கும் புள்ளைங்களுக்கும் அதாங்க சோறு."

"எத்தினி நாளு தாங்கும்?"

"ஒரு வாரம் தாங்குனா ஜாஸ்திங்க."

சொல்லச் சொல்ல அவள் குரல் ஏறியது. ரைட்டர் கை பழக்கத்தில் மணிக்குப் போனது. ட்ரிங்.

"மூணு மூச்சு வுடும்மா."

குப்பாயி அவரை மேலும் கீழும் பார்த்தாள். "மூச்சு வுட்டா முள்ளு நவுருமாங்க?"

வேப்பமரத்தடியே சிரித்தது. நான்தான் அதிகம் சிரித்தேன். ரைட்டர் காதில் வாங்கிக்கொள்ளாமல் ஒரு தாளை எடுத்தார். "செரி, ஒங்க அண்ணன் ஒரு மனு எழுதுனா இன்னான்னு எழுதுவாரு?"

"தெரியலீங்க. பேச்சு வார்த்த நின்னு எட்டு மாசம் ஆவுது."

"ஏன் நின்னுச்சு?"

"அவரத்தான் கேக்கணும்" என்றவள் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள்.

தாள் வெள்ளையாகவே கிடந்தது. எதிராளி மனு எழுத முடியாமல் போனது அதுதான் முதல் தடவை. ரைட்டர் அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஜெராக்ஸு, நாளைக்கி வண்டிய எடு. மலைக்கிப் போறோம்."

"மனுவ எழுதிக் குடுங்கய்யா" என்று குப்பாயி கெஞ்சினாள். "இன்னிக்கி வுட்டா அடுத்த திங்கக்கெழமதான். அதுக்குள்ள மழ வந்துடும்."

"நாளைக்கி சாயங்காலம் வரிக்கும் டைம் குடும்மா. அதுக்குள்ள வழி தொறக்கலன்னா நான் பழைய வெடிமருந்துதான். மனுவ நானே எழுதி நானே எடுத்துக்கினு போயி, திங்கக்கெழமைக்கிக் காத்துக்கினு இல்லாம ஆபீஸரு முன்னால நேர்ல நிப்பேன்."

அவள் அரைமனதாகத் தலையாட்டிவிட்டுப் போனாள். எனக்கு நிஜமாகவே எரிச்சல். "கொத்தனாரு நாயி வேற, இது வேற ரைட்டரே. ஒரு பொம்பள சோத்துல வெளையாடாதீங்க" என்றேன். அன்றைக்கு அவர் புன்னகைகூடச் செய்யவில்லை.

மறுநாள் காலை என் பைக்கில் கிளம்பினோம். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையை விட்டு மேலே ஏற ஏற ஒரே கொண்டை ஊசி வளைவு. வளைவுக்கு வளைவு எதிரே வரும் பஸ் ஆரன் அடிக்கும். அடித்ததும் பின்னாலிருந்து என் தோளைத் தட்டி, "நிறுத்து, மூணு மூச்சு" என்பார். ஏறுமுகத்தில் வண்டியை நிறுத்தி எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று மலையில் ஓட்டியவர்களுக்குத் தெரியும். வியட்நாம்காரர் மேல் எனக்கு வேறு எந்த விரோதமும் கிடையாது, அந்த வளைவுகளைத் தவிர.

பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். குப்பாயி முள்வேலிக்கு வெளியே கதிர் அரிவாளோடு உட்கார்ந்திருந்தாள். அண்ணன் வாசலில் காலெடுத்து வைக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். நாங்கள் இருவரும் வீட்டு வாசல் பக்கமாகச் சுற்றிக்கொண்டு உள்ளே போனோம். அவளுடைய அண்ணன் சடையன் வீட்டுக்கு முன்னால், வேலிக்குப் பத்தடி தள்ளி, பலா மரத்தடியில் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். அறுபது வயது, ஒட்டிய உடம்பு.

"நீங்க பாரஸ்ட் ஆபீஸு ஆளுங்களா?" என்றார் சந்தேகமாக.

"இல்லீங்க" என்று ரைட்டர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "நீங்க பேசுனா காது குடுக்கலாம்னு வந்தோம்."

சடையன் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அவர் வாழ்நாளில் மலைக்கு வந்த அத்தனை பேரும் அவரிடம் பேசத்தான் வந்திருக்கிறார்கள். காது கொடுக்க ஒருத்தரும் வந்ததில்லை. முதலில் முட்டி வலியைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார். ரைட்டர் தலையாட்டினார். அவ்வளவுதான், மடை திறந்துகொண்டது. முட்டி வலி, மரவள்ளிக் கிழங்கைத் தோண்டிப் போகும் காட்டுப் பன்றி, பலாப்பழ வியாபாரி செய்த மோசடி, முப்பது வருடத்துக்கு முன்னால் பார்த்த கரடி, அந்தக் கரடியின் குட்டிகள். மதியம் அவருடைய மகன் களியும் கீரைக் குழம்பும் கொண்டுவந்து வைத்தான். சின்னசேலம் பக்கம் வேலை பார்க்கிற, கையில் பெரிய போன் வைத்திருக்கிற இளவட்டம். சாப்பிடும்போதும் சடையன் பேசினார். சாப்பிட்ட பிறகும் கரடிக்கே திரும்பிப் போனார்.

ரைட்டர் ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை. எனக்குக் கால் மரத்துப்போனது. மேற்கே மலை முகட்டில் மேகம் கட்ட ஆரம்பித்தது. வேலிக்கு வெளியே குப்பாயி அந்த மேகத்தையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வழியப் பத்திக் கேளுங்க ரைட்டரே, இருட்டிக்கினு வருது" என்று அவர் காதைக் கடித்தேன்.

"உஷ்."

மூன்று மணி இருக்கும். கரடி தீர்ந்துபோனது. சடையன் கயிற்றைக் கீழே வைத்தார். பிறகு மெதுவாக, வேறு யாருடைய குரலோ போன்ற ஒரு குரலில் பேசினார்.

"எம் பொஞ்சாதி போயி எட்டு மாசம் ஆவுதுங்க. கூடப்பொறந்தவ வந்துடுவா, வந்துடுவான்னு பொழுது சாயற வரிக்கும் பொணத்த எடுக்காம வெச்சிக்கினு இருந்தேன். வரல. அண்ணி சாவுக்கு வராதவளுக்கு என் நெலத்துல வழி இன்னாத்துக்கு?"

வேலிக்கு வெளியே அரிவாள் தெறித்து விழுந்தது. "சாவு சொல்லி வுட்டியா நீயி?" என்று குப்பாயி எழுந்து கத்தினாள். "பஸ்ல எவளோ பேசிக்கினு வந்து, மூணா நாளு எனக்குத் தெரியுது. கூப்புடாத சாவுக்கு எந்த மொகத்த வெச்சிக்கினு வருவேன்?"

எங்கள் பக்கத்தில் சாவுச் சேதியை ஆள் போய்த்தான் சொல்ல வேண்டும். எட்டு மலை தாண்டி இருந்தாலும், வீட்டு வாசலில் போய் நின்று, இன்னார் தவறிவிட்டார், வந்து சேருங்கள் என்று வாயால் சொல்ல வேண்டும். கூடப்பிறந்தவளுக்கு ஆள் போகவில்லை என்றால், நீ எனக்கு வேண்டாம் என்று அர்த்தம். சேதி வந்தும் அவள் வரவில்லை என்றால், நீ எனக்கு வேண்டாம் என்று அவள் சொல்வதாக அர்த்தம். இரண்டுக்கும் மன்னிப்பு கிடையாது.

"சொல்லி வுட்டேண்டி!"

"வுடல!"

"வுட்டேன்!"

ரைட்டர் பையிலிருந்து சைக்கிள் மணியை எடுத்தார். ட்ரிங். ஒருவரும் நிறுத்தவில்லை. ட்ரிங் ட்ரிங். சடையன் குப்பாயியின் பிறப்பையே சந்தேகித்தார், தன் பிறப்பும் அதே இடம் என்பதை மறந்து. ட்ரிங் ட்ரிங் ட்ரிங். முதல் துளி மழை என் மூக்கில் விழுந்தது.

"நிறுத்துங்கடா!" என்று ஓர் இடி இடித்தது. நான் வானத்தைப் பார்த்தேன். இடித்தது வானம் இல்லை. எங்கள் ரைட்டர் எழுந்து நின்று, முகமெல்லாம் சிவந்து, மூன்று வருடம் அடக்கி வைத்திருந்த வெடிமருந்தை மொத்தமாகக் கொளுத்திவிட்டார். "மனுசங்களாடா நீங்க? ஈரமில்லாத ஜென்மங்களா! கல்நெஞ்சக்காரங்களா! காலைலேர்ந்து கரடிக் கதைய கேட்டுக்கினு ஒக்காந்துகினு இருக்கேன், கரடிக்கி இருக்கற அறிவு கூட ஒங்களுக்கு இல்லியே! அங்க அத்தினி சோறு மண்ணுல கொட்டப் போவுது!" இன்னும் என்னென்னவோ. பழைய மனுக்களில் இருந்த ஒரு சொல்லும் பாக்கி இல்லை. பலா மரத்தில் இருந்த காக்கை குருவியெல்லாம் பறந்துவிட்டன.

அண்ணனும் தங்கையும் வாயை மூடினார்கள். அந்தத் தூறலும் நின்றுபோனது.

ரைட்டர் தன் கையிலிருந்த மணியைப் பார்த்தார். முகம் அப்படியே தொங்கிப்போனது. சடையனுக்கு முன்னால் போய் நின்று, இரண்டு கையையும் கூப்பி, அறுபத்திரண்டு வயது மனிதர், தலையைக் குனிந்தார். "மன்னிச்சிடுங்க. ஒங்க வூட்டுல துன்னுட்டு ஒங்களயே பேசிட்டேன். ஒங்க வலிய கேக்க வந்தவன் நானு. என்னால கேக்க முடியல." வேலிப் பக்கம் திரும்பிக் குப்பாயியிடம் சொன்னார். "நீயும் மன்னிச்சிடும்மா. சாயங்காலத்துக்குள்ள தொறந்துடும்னு ஜம்பமா பேசிட்டேன்." என்னையும் கும்பிட்டார். எதற்கென்று எனக்குத் தெரியவில்லை, அந்த வளைவுகளுக்காக இருக்கலாம்.

சடையனுக்கு அந்தக் கும்பிடு என்னவோ செய்துவிட்டது. திட்டை அவர் தாங்கிக்கொண்டார், கும்பிட்டதைத்தான் தாங்க முடியவில்லை. "அய்ய, கைய எறக்குங்க, எறக்குங்க" என்று தடுமாறினார். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் மகனைப் பார்த்தார். "டேய், அத்தைக்கி சேதி சொல்ல யார்ரா போனது?"

மகன் தன் போனை எடுத்து நீட்டினான். "வாட்சப் குரூப்புல போட்டேம்பா. சொந்தக்காரங்க எல்லாரும் அதுல இருக்காங்கன்னு நெனச்சேன்."

போனை வாங்கிப் பார்த்தேன். அவனுடைய அம்மாவின் படம், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, கீழே கண்ணீர் அஞ்சலி. அதற்கடியில் வரிசையாகக் கும்பிடு போட்ட கைகள். குப்பாயி இடுப்பிலிருந்து சுருக்குப் பையைப் பிரித்து, ரப்பர் வளையம் போட்ட தன் போனை எடுத்து முள்ளுக்கு மேலே தூக்கிக் காட்டினாள். பட்டன் போன். அதில் பேசவே பாறை மேல் ஏறி நிற்க வேண்டும்.

சடையன் மகனை அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் அடிக்கவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். முள்வேலி வரைக்கும் நடந்து போனார். வேலிக்கு இந்தப் பக்கம், சேதி சொல்ல வந்த வெளியாள் வாசலில் நிற்பதைப் போல, கொஞ்சம் தள்ளி நின்றார்.

"குப்பாயி" என்றார். "ஒங்க அண்ணி நம்மள வுட்டுட்டுப் பூட்டாம்மா. வந்து சேரு."

எட்டு மாதம் கழித்து வந்த சேதிக்குக் குப்பாயி அந்த நிமிடம் வந்த சேதியைப் போலவே மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். "அண்ணி, என்ன வுட்டுட்டுப் பூட்டியே" என்ற அந்தக் குரல் எதிர் மலையில் போய் முட்டியது. சடையன் வெறுங்கையால் முள்ளை இழுத்துப் போட்டார். கையெல்லாம் ரத்தம். அவள் அந்த வழியாக ஓடிவந்து அண்ணன் தோளில் விழுந்தாள். நான் அழுதேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. ரைட்டரும் அழுதார். மூச்சு எங்கே போகிறது, எங்கே வருகிறது என்று அப்போது அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

மறுநாளே அண்ணனும் தங்கையும் பிள்ளைகளுமாக அரிவாளோடு இறங்கிவிட்டார்கள். நாலு நாளில் சாமை வீடு சேர்ந்தது. ஐந்தாம் நாள் மலையில் அடித்த மழையில் எங்கள் கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்திலேயே முழங்கால் தண்ணீர்.

ஆனால் அன்றைக்கு மலையிலிருந்து இறங்கும்போது ரைட்டருக்கு ஒரே துக்கம். "மூணு வருசம் போச்சு ஜெராக்ஸு. ஒரே நிமிசத்துல போச்சு."

"நீங்க கத்துனதாலதான் அவங்க வாய மூடுனாங்க."

"வாய மூடுனது கத்துனதுக்கு. முள்ள எடுத்தது கத்துனதுக்கு இல்ல" என்றார். அதற்குள் ஒரு பஸ் ஆரன் அடித்தது. தோளில் தட்டு விழுவதற்கு முன்னால் நானே வண்டியை நிறுத்தினேன். இறக்கம்தானே, அதனால்தான்.

தை மாதம் அவருக்குக் கண் ஆபரேஷன் ஆனது. உளுந்தூர்பேட்டையில் இருக்கும் மகள் வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டார்கள். மடக்கு மேஜை என் கடைக்குள் சாய்த்து வைக்கப்பட்டது. பக்கத்து மேஜை ரைட்டர்கள் பிரமாதமாகக் கொளுத்திப் போட்டார்கள். நகல் எடுத்து எடுத்து என் மெஷின் சூடானது. கடை போட்ட எட்டு வருடத்தில் அப்படி ஒரு வியாபாரத்தை நான் பார்த்ததில்லை.

அப்படிப்பட்ட ஒரு திங்கட்கிழமை காலை, கூட்டத்தை விலக்கிக்கொண்டு குப்பாயி வந்து நின்றாள். இடுப்பில் ஒரு சின்ன மூட்டை. குத்திப் புடைத்த சாமை அரிசி.

"மூச்சு அய்யா எங்கங்க?"

சொன்னேன்.

"அடடா. அவரு கையிலதாங்க குடுக்கணும். உளுந்தூர்பேட்டைக்கி எந்த பஸ்ஸுங்க?"

கடைக்கு முன்னால் இருபது பேர் தாளோடு நின்றிருந்தார்கள். மெஷினை அணைத்தேன். ஷட்டரை இழுத்துவிட்டு, 'மெஷினுக்கு டோனர் மை வாங்கப் போயிருக்கிறேன்' என்று ஓர் அட்டையில் எழுதி மாட்டினேன். ஜனங்கள் திட்டினார்கள். பஸ் ஸ்டாண்டுக்கு வழிகாட்டத்தான் போகிறேன் என்று குப்பாயியிடம் சொல்லிக்கொண்டே அவளோடு பஸ்ஸிலும் ஏறி, இரண்டு டிக்கெட் கேட்டேன்.

டோனர் இரண்டு டப்பா கடைக்குள்ளேயே இருந்தது. எனக்கு அவரைப் பார்க்க வேண்டும் போலிருந்தது.